கோட்டைத் தாண்டினால் வழுக்கும்! கண்ணுக்குத் தெரியாத எண்ணெயும் கெமிக்கலில் ஊறிய பந்தும்

தொப்பென்று விழுந்தேன்!

கொலை, கொள்ளை, வழிப்பறி, குழாயில் தண்ணீர் வராத தெரு என்று அலைகிற நிருபருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. நண்பர்கள் வணிக வளாகம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே பவுலிங் விளையாட்டு. கிரிக்கெட் பவுலிங் அல்ல. பூசணிக்காய் மாதிரி பெரிய பந்தை உருட்டிவிட்டு, தூரத்தில் நிற்கிற 10 கட்டைகளைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன்.

பந்தை விட்ட வேகத்தில் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டேன். அடுத்த விநாடி மல்லாந்து கிடந்தேன்.

அங்கே வேலை பார்க்கும் பையன் ஓடி வந்து தூக்கிவிட்டான்.

"அண்ணே, கோட்டைத் தாண்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? அங்க பூராவும் எண்ணெய்ண்ணே!"

"எண்ணெயா? யாருப்பா ஊத்தினது?"

"நாங்கதாண்ணே. மிஷின் வச்சுப் போடுவோம்."

விசாரணைக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்ட முதல் ஆசாமி இவன்தான்! குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு என்று ஒட்டியது. ஆனால் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. பளபளவென்று மெழுகிய தரை மாதிரிதான் இருந்தது.

போலீஸ் நிலையம் சுற்றுகிற புத்தி சும்மா விடுமா? தரையில் எண்ணெய் எதற்கு? தெரிந்தே ஊற்றுகிறார்கள் என்றால் காரணம் இருக்குமே? துருவ ஆரம்பித்தேன். துப்பு நேரே அமெரிக்காவுக்குப் போனது. அங்கே இந்த எண்ணெயை வைத்துப் பட்டம் வென்றவர்கள் இருக்கிறார்கள். பந்தைக் கெமிக்கலில் ஊறப்போட்டவர்கள் இருக்கிறார்கள். பந்துக்கே தடை விழுந்த சம்பவமும் இருக்கிறது!

60 அடி தூரம்

முதலில் சம்பவம் நடக்கும் இடத்தைப் பார்த்துவிடுவோம்.

பந்து உருளும் பாதைக்கு 'லேன்' என்று பெயர். கோட்டில் இருந்து முதல் கட்டை வரை 60 அடி. அகலம் நாற்பத்தொன்றரை அங்குலம், அதாவது மூன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. குறுக்கே 39 பலகைகள். முன்பெல்லாம் நிஜப் பலகைகளையே ஒட்டுச் சேர்த்து இழைத்துப் போட்டார்கள். மேப்பிள் மரமும் பைன் மரமும். இப்போது பெரும்பாலும் செயற்கைத் தகடுதான். ஆனாலும் அதன் மேல் 39 பலகைக் கோடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் கணக்குப் போடுவதே பலகை எண்ணை வைத்துத்தான்.

பந்தின் எடை 16 பவுண்டைத் தாண்டக்கூடாது. சுமார் ஏழேகால் கிலோ! இந்தக் கனமான பந்து தினமும் நூற்றுக்கணக்கான தடவை அதே இடத்தில் விழுந்து உரசினால் மரம் என்ன ஆகும்? பாலிஷ் தேயும். சூட்டில் கருகும். அதனால்தான் ஆதி காலத்தில் எண்ணெய் தடவினார்கள். பாதையைக் காப்பாற்ற வந்த எண்ணெய் அது. நாளடைவில் ஆட்டத்தையே கைப்பற்றிக்கொண்டது!

எவ்வளவு எண்ணெய் தெரியுமா? ஒரு லேனுக்குச் சுமார் 20 முதல் 30 மில்லி. இருமல் டானிக்கை மூடியில் ஊற்றிக் குடிக்கிறோமே, அந்த மாதிரி இரண்டு மூன்று மூடி. அதைத்தான் மிஷின் பாதை மேல் ஆடைபோல் பரப்புகிறது.

கடைசி வரைக்கும் பரப்புவதில்லை. சுமார் 40 அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் 20 அடி காய்ந்து கிடக்கும். ஆட்டத்தின் சூட்சுமமே இந்த இடத்தில்தான்.

மழை பெய்த ரோடு

கேரம் ஆடுகிறவர்களுக்குப் போரிக் பவுடர் தெரியும். பவுடர் தூவிய இடத்தில் காய் வழுக்கிப் போகும். தூவாத இடத்தில் இழுத்து நிற்கும்.

இன்னும் நன்றாகப் புரிய வேண்டுமானால், முதல் மழை பெய்த அன்று அண்ணா சாலையில் சைக்கிளில் போனதை நினைத்துப் பாருங்கள். தார் ரோட்டில் படிந்த எண்ணெயும் தண்ணீரும் கலந்து கிடக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் சக்கரம் திரும்பாது. சர்ரென்று நேரே போகும். காய்ந்த இடம் வந்ததும் படக்கென்று டயர் பிடிக்கும். அதிலும் மொட்டை டயர் ஒரு மாதிரி, பட்டன் உள்ள புது டயர் ஒரு மாதிரி.

பவுலிங் பந்தும் அப்படியே. எண்ணெய் மேல் போகும்போது சுழன்றுகொண்டே சறுக்கும். காய்ந்த இடம் வந்ததும் சுழற்சி பிடித்து, வளைந்து, கட்டைகளை நோக்கித் திரும்பும். எந்த இடத்தில் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்பதைப் பந்தின் மேல்தோல்தான் முடிவு செய்கிறது.

ஏன் திரும்ப வேண்டும், நேரே விட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

வலது கைக்காரர் குறிவைப்பது முதல் கட்டைக்கும் மூன்றாவது கட்டைக்கும் நடுவே உள்ள சந்து. அந்தச் சந்துக்குள் பந்து சுமார் 6 டிகிரி சாய்வில் நுழைந்தால் பத்தும் சாய வாய்ப்பு அதிகம். நேராக விட்டால், பாதையின் வலது ஓரத்து மூலையில் இருந்தே விட்டாலும் ஒன்றரை டிகிரிகூடத் தேறாது. பாதை அவ்வளவு ஒடுக்கம். முதல் கட்டை மோதிய வேகத்தில் பந்து விலகி ஓடிவிடும். பின்னால் நிற்கிற கட்டைகள் சிரித்துக்கொண்டு நிற்கும். சரியாக நுழைந்த பந்து தானே தொடுவது 1, 3, 5, 9 ஆகிய 4 கட்டைகளைத்தான். மற்ற ஆறையும் கட்டைகளே ஒன்றையொன்று அடித்துச் சாய்த்துக்கொள்ளும்.

ஆக, திரும்புகிற பந்துதான் காசு. அதற்காக மனிதர்கள் எந்த எல்லைக்கும் போனார்கள்.

கெமிக்கலில் ஊறிய பந்து

1973-ம் ஆண்டு. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வட்டாரத்தில் ஒரே பரபரப்பு. டான் மெக்கூன் என்பவர் திடீரென்று சக்கைபோடு போட ஆரம்பித்தார். ஒரே ஆண்டில் 6 பட்டங்கள்! அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே.

ரகசியம் என்ன?

பந்தை ஊறப்போட்டார்! நாம் அரிசி ஊறப்போடுவது மாதிரி. ஆனால் தண்ணீரில் அல்ல. மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கெமிக்கலில். நகப்பூச்சு அழிக்கிற திரவத்துக்கு இது பங்காளி முறை. அதில் ஊறிய பிளாஸ்டிக் பந்தின் மேல்தோல் இளகி மெத்தென்று ஆகிவிட்டது. இளகிய தோல் பாதையை அப்படியே கவ்விப் பிடித்தது.

அதற்கு ஒரு பின்னணியும் உண்டு. அதுவரை மரப் பாதைகளுக்கு லாக்கர் பூசி வந்தார்கள். லாக்கர் எளிதில் தீப்பற்றும் சாமான். அதனால் பாலியூரித்தேன் பூச்சுக்கு மாறினார்கள். இந்தப் பூச்சு கெட்டி. பழைய கெட்டிப் பந்து இதன் மேல் பிடிக்கவே இல்லை. சறுக்கிக்கொண்டு போனது. பாதை கெட்டியானால் பந்தை மெதுவாக்கு என்பதுதான் மெக்கூன் போட்ட கணக்கு.

இதில் உள்ள கூத்தைக் கவனித்தீர்களா? தீப்பிடிக்குமே என்று பயந்து பாதையின் பூச்சை மாற்றினார்கள். உடனே ஆட்டக்காரர்கள் தீப்பிடிக்கிற கெமிக்கலைப் பக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்!

மெக்கூனைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பந்தை ஊறவைக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பின்னாளில் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமும் கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு சங்கங்கள் விழித்துக்கொண்டன. 'டியூரோமீட்டர்' என்ற ஊசிக் கருவி வந்தது. பந்தின் மேல் ஊசியை அழுத்திக் கெட்டித்தனத்தை எண்ணாகப் படிக்கும் கருவி. தொழில்முறைப் போட்டிக்கு 75, பொதுச் சங்கத்துக்கு 72 என்று கீழ் எல்லை வைத்தார்கள். அதற்குக் கீழே இறங்கினால் பந்து வெளியே!

பிளாஸ்டிக் போய் ரெசின் வந்தது

ஊறப்போடுகிற வேலையைப் பிறகு கம்பெனிகளே தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தன என்று சொன்னால் தப்பில்லை.

1981-ல் யூரித்தேன் பந்து கடைக்கு வந்தது. ஏ.எம்.எஃப். கம்பெனியின் 'ஆங்கிள்'. பிளாஸ்டிக்கைவிட நன்றாகப் பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் 'ரியாக்டிவ் ரெசின்' வந்ததும் ஆட்டமே தலைகீழ். இந்தப் பந்தின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அவை எண்ணெயை உறிஞ்சும். பஜ்ஜி எண்ணெய் குடிக்கிற மாதிரி! எண்ணெயை விலக்கிக்கொண்டு தரையைத் தொடுவதால் காய்ந்த இடத்தில் பயங்கரமாகத் திரும்பும்.

பஜ்ஜி கதைதான் பந்துக்கும். குடித்த எண்ணெய் உள்ளேயே தங்கினால் ஒரு சீசனுக்குள் பந்து மந்தமாகிவிடும். அதனால் ஆட்டக்காரர்கள் பந்தை வெந்நீர்ப் பக்கெட்டில் அமுக்கி எண்ணெயைக் கக்க வைக்கிறார்கள். பந்துக் கடைகளில் இதற்கென்று சூடுபடுத்தும் பெட்டியும் உண்டு. அதிக சூடு காட்டினால் பந்து வெடிப்பு விட்டுவிடும். அப்புறம் குப்பைதான்.

எந்த எண்ணெய்க்கு எந்தப் பந்து?

விஷயத்துக்கு வருவோம். உயர்ந்த ரகப் பந்து ஒன்று சுமார் 200 டாலர். பவுலிங் பணக்காரர் ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் வாரம் ஒரு நாள் லீக் ஆடுகிறவர்களில் தொழிற்சாலை ஆட்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் ஏராளம். அவர்களுக்கு 200 டாலர் பெரிய காசு. கடைக்காரர் "இதுதான் இருக்கிறதிலேயே பலமான பந்து" என்று சொல்லி விற்றுவிட்டுப் போய்விடுவார். வாங்கியவர் மறுநாள் போய் ஆடினால் பந்து கண்டபடி திரும்பி இடது பக்கம் ஓடும். பந்தின் மேல் குற்றமே இல்லை. எண்ணெயைப் பார்க்காமல் பந்தை வாங்கியதுதான் குற்றம்.

எண்ணெய் ஏராளமாக, நீளமாகப் போட்டிருந்தால் வேண்டியது கவ்விப் பிடிக்கிற பந்து. ரெசினிலேயே 'சாலிட்' என்ற ரகம். மேல்தோலை உப்புத்தாள் போட்டு மங்கலாக்கி இருப்பார்கள். உப்புத்தாள் நம்பர் 500, 1000, 2000, 4000 என்று உண்டு. நம்பர் குறைந்தால் சொரசொரப்பு ஜாஸ்தி. பெயிண்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சொரசொரப்பு எண்ணெயைக் கிழித்துக்கொண்டு பாதையைத் தொடும்.

அதே பந்தை எண்ணெய் குறைவான பாதையில் விட்டால் ஆபத்து. ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டு, சீக்கிரமே திரும்பி, சக்தி எல்லாம் வழியிலேயே தீர்ந்துவிடும். கட்டைகளிடம் போய்ச் சேரும்போது பென்ஷன் வாங்கப் போகிற தாத்தா மாதிரி தள்ளாடும். மோதும், ஆனால் சாய்க்காது. இந்தப் பாதைக்கு 'பேர்ல்' ரகம் தேவை. பாலிஷ் போட்டது, முத்துப்போல் மினுமினுப்பது. எண்ணெய் குறைவாக இருந்தாலும் முதலில் வழுக்கிக்கொண்டு போய், சக்தியைச் சேமித்து வைத்து, கடைசியில் படக்கென்று திரும்பும். பார்க்கவும் ஜோர். சாலிடும் பேர்லும் கலந்த 'ஹைப்ரிட்' ரகம் நடுத்தரப் பாதைக்கு. கடைக்குப் போகிற புது ஆளுக்கு எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் இதில் ஆரம்பிக்கலாம் என்பது என் கட்சி.

35 அடியோடு நின்றுவிடுகிற குட்டை எண்ணெய் என்றால் சமாசாரம் வேறு. காய்ந்த இடம் 25 அடி நீண்டு கிடக்கும். ரெசின் பந்து அதில் வெறி பிடித்த மாதிரி திரும்பும். இங்கே பழைய யூரித்தேன்தான் கெட்டிக்காரன். படக்கென்று திரும்பாது. வில் மாதிரி நிதானமாக வளையும். ஆனால் அதற்கும் ஒரு கெட்ட பழக்கம். எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சாது. தள்ளிக்கொண்டே போய்க் காய்ந்த இடத்தில் பூசிவிடும். அடுத்து ஆடுகிறவன் பாடு திண்டாட்டம்!

வெறும் பிளாஸ்டிக் பந்தையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது எந்த எண்ணெயிலும் நேரே போகும். ஒற்றைக் கட்டை மூலையில் நின்றுகொண்டு முறைக்கும்போது அதைச் சாய்க்க இதைவிட நல்ல பந்து கிடையாது. தொழில்முறை வீரர்களே பையில் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

31 கணக்கு

எண்ணெயே கண்ணுக்குத் தெரியாதே, பிறகு எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு சுலபமான வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். எண்ணெயின் நீளத்தில் இருந்து 31-ஐக் கழி. 40 அடி எண்ணெய் என்றால் மிச்சம் 9. எண்ணெய் முடிகிற இடத்தில் பந்து ஒன்பதாவது பலகை அருகே இருந்தால், அங்கிருந்து திரும்பிச் சந்துக்குள் போய்ச் சேரும். 35 அடி என்றால் நாலாவது பலகை. பள்ளத்தின் ஓரமாகவே உருட்ட வேண்டும். நெஞ்சு பதறும்! 45 அடி என்றால் 14. கிட்டத்தட்ட நடுவிலேயே ஆட வேண்டும். இது துல்லியச் சட்டம் அல்ல. தேடுதலை எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லும் துப்பு மட்டுமே.

இரண்டாவது துப்பு பந்தின் மேலேயே இருக்கிறது. உருண்டு திரும்பி வந்த பந்தை உற்றுப் பார்த்தால் எண்ணெய் வளையங்கள் தெரியும். சட்டைக் காலரில் அழுக்கு மாதிரி. பந்தின் உள்ளே கனமான கரு ஒன்று ஒருச்சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் இழுப்பால் ஒவ்வொரு சுற்றிலும் பந்து கொஞ்சம் நகர்ந்து புதுத் தோலைத் தரையில் பதிக்கும். அதனால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விசிறி மாதிரி விரியும். வளையம் கனமாக இருந்தால் பாதையில் எண்ணெய் கனம். மெல்லியதாக இருந்தால் காய ஆரம்பித்துவிட்டது. போலீசார் கைரேகையைப் படிக்கிற மாதிரி தேர்ந்த ஆட்டக்காரர் இதைப் படிப்பார். படித்ததும் துண்டால் துடைத்துவிடுவார். 2019 ஆகஸ்டில் இருந்து அமெரிக்கச் சங்கப் போட்டிகளில் உலர்ந்த துண்டு மட்டுமே. திரவம் எதையும் தொட்டுத் துடைக்கக்கூடாது.

பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை என்பதால், 2010களில் சில தொலைக்காட்சிப் போட்டிகளில் எண்ணெயில் நீலச் சாயம் கலந்தார்கள். அப்போதுதான் பாதையின் வண்டவாளம் ஜனங்களுக்குத் தெரிந்தது.

வண்டவாளம் என்று ஏன் சொல்கிறேன்? சாதாரண லீக் ஆட்டங்களுக்கு நடுவில் எண்ணெயைக் கொட்டி, ஓரங்களில் பேருக்குத் தடவுகிறார்கள். குறி தவறி நடுவே விட்டால் எண்ணெய் பந்தைத் தாங்கி நேரே கொண்டுபோகும். தவறி ஓரமாக விட்டால் காய்ந்த பாதை இழுத்துத் திருப்பிவிடும். இரண்டு தப்பையும் பாதையே மன்னித்துவிடும்! வாடிக்கையாளர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், அடுத்த வாரமும் வருவார். வியாபாரம் தெரிந்தவர்கள்.

பெரிய போட்டிகளில் இந்தச் சலுகை கிடையாது. ஓரத்துக்கும் நடுவுக்கும் எண்ணெய் வித்தியாசம் ரொம்பக் குறைவு. லீக்கில் புலியாக இருந்தவர் அங்கே போனால் எண்ணிக்கை சரசரவென்று இறங்கும். கை சரியில்லையோ, பந்து சரியில்லையோ என்று குழம்பி, இன்னொரு 200 டாலரை எடுத்து வைப்பார்.

ஆட ஆட மாறும்

இதோடு முடிந்தால் தேவலை. உறிஞ்சுகிற பந்துகள் ஒரே தடத்தில் போய்க்கொண்டே இருந்தால் அந்தத் தடத்தில் எண்ணெய் காலி. முதல் ஆட்டத்தில் சந்துக்குள் போன அதே பந்து மூன்றாவது ஆட்டத்தில் மூக்கில் போய் மோதும். வலது கைக்காரர் இடது பக்கம் நகர்ந்து, எண்ணெய் மிச்சம் உள்ள இடத்தைத் தேடுவார். அதுவும் போதாவிட்டால் பளபளப்பான பந்துக்கு மாறுவார். எப்போது மாறுவது என்பதில்தான் பட்டம் கைமாறுகிறது. ஒரு பந்து முன்னால் மாறினால் கெட்டிக்காரர். ஒரு பந்து தாமதித்தால் தோற்றவர்.

இடையில் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிடலாமே என்றால், ஆட்டம் ஆரம்பித்த பிறகு தேய்க்கக்கூடாது. அதனால்தான் பெரிய வீரர்கள் அரை டஜனுக்கும் மேலே பந்துகளைச் சக்கரப் பையில் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நம்ம ஊர் ஆம்னி பஸ் கூலியாள்கூட இவ்வளவு சுமக்க மாட்டார்.

பந்துக்கே தடை!

50 ஆண்டுக்குப் பிறகு ஊசிக் கருவி மறுபடியும் பரபரப்பைக் கிளப்பியது.

அமெரிக்காவில் பவுலிங் சட்டதிட்டங்களை வகுப்பது யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ். காங்கிரஸ் என்றதும் கட்சி என்று நினைக்க வேண்டாம். 1895-ல் தொடங்கிய அமெரிக்கன் பவுலிங் காங்கிரசும் மற்ற சங்கங்களும் 2005-ல் ஒன்றாகி உருவான அமைப்பு.

2022-ம் ஆண்டு. 'பர்ப்பிள் ஹேமர்' என்ற ஊதா நிற யூரித்தேன் பந்து தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே பிரபலமாக இருந்தது. எண்ணெய் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் அடக்க ஒடுக்கமாக வளைகிற பந்து. அதைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 2016, 2017 ஆண்டுகளில் தயாரான பந்துகளில் 72-க்குக் கீழே இறங்கியவை சிக்கின! அந்த இரண்டு ஆண்டுத் தயாரிப்புகளைத் தேசியப் போட்டிகளில் பயன்படுத்தத் தடை விழுந்தது. பந்து எந்த ஆண்டில் பிறந்தது என்பதை அதில் பொறித்த வரிசை எண் காட்டிக் கொடுத்தது.

அதோடு விடவில்லை. அதே 2022-ல் லாஸ் வேகாஸ் நகரில் தேசிய ஓப்பன் போட்டி நடந்துகொண்டிருந்தது. அது நடக்கும்போதே ஸ்டார்ம் கம்பெனி வகையறாவின் 6 ரகப் பந்துகளுக்கும் தேசியப் போட்டிகளில் தடை. காரணம் அதே கெட்டித்தனம்தான். உள்ளூர் லீக்குகளில் ஆடத் தடை இல்லை.

கடையில் காசு கொடுத்து, சங்கம் அங்கீகரித்த பந்து என்று நம்பி வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? மெக்கூன் தன் பந்தைத் தானே ஊறப்போட்டார். அவருக்குத் தெரியும் தன் பந்து எப்படிப்பட்டது என்று. இவர்கள் எதையும் ஊறப்போடவில்லை. பெட்டியைத் திறந்து ஆடினார்கள், அவ்வளவுதான். போட்டிக்கென்று மாதக்கணக்கில் பழகிய பந்தைப் பையிலேயே வைத்துவிட்டு வேறு பந்துக்கு மாற வேண்டிய நிலைமை. சட்டம் சட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசியைக் குத்திப் பார்க்கிற வேலையைக் கடைக்குப் போவதற்கு முன்பே ஒழுங்காக முடித்திருக்கலாமே?

அதற்கு 2 வருஷம் முன்னால், 2020 ஆகஸ்டில் இன்னொரு தலைவலி. பந்தின் எடையைச் சரிக்கட்ட, விரல் நுழையாத கூடுதல் ஓட்டை ஒன்று போடுகிற பழக்கம் இருந்தது. அதுவும் கூடாது என்று விதி வந்தது. ஓட்டை போட்டு வைத்திருந்தவர்கள் எல்லாம் அதை அடைக்கக் கடைக்கு ஓடினார்கள். பந்துக் கடைக்காரர்களுக்கு நல்ல வேலை.

மீண்டும் அதே இடம்

இவ்வளவும் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? போன வாரம் அதே வளாகத்துக்கு மறுபடியும் போனேன். அதே பையன் இருந்தான்.

"என்னண்ணே, இடுப்பு சரியாயிருச்சா?"

"அதை விடுப்பா. எண்ணெய் எத்தனை அடிக்குப் போட்டிருக்க?"

பையன் ஒரு மாதிரி பார்த்தான். அந்தக் கேள்வியை அதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"நாப்பதுண்ணே."

40-ல் 31 போனால் 9. மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். வலது ஓரத்தில் இருந்து ஒன்பது பலகைகளை எண்ணினேன். கோட்டுக்கு ஒரு முழம் முன்பே காலை ஊன்றி, மணிக்கட்டைத் திருப்பி, பந்தைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்தே உருட்டினேன். ஒன்பதாவது பலகையைத் தொட்டது. இதோ திரும்பப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பவில்லை. அதே சாய்வில் போய் வலது பக்கப் பள்ளத்தில் கடகடவென்று விழுந்தது.

பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அது வாடகைப் பந்துண்ணே, பிளாஸ்டிக்கு. நேராத்தான் போகும். நடுவுல பாத்து விடுங்க."